கலங்கிய மனமும் கலங்களின் துப்புரவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



உங்கள் செயலாளர் என்னிடம் வந்து, "ஐயா, இவ்வருட விழாவிலே விஞ்ஞானம் பற்றி ஏதாவது பேச வேண்டும்" என்று கேட்டார். எதைப் பற்றிப் பேசட்டும் என்றேன். "அது உங்கள் விருப்பம், ஆனால் எங்கள் பொடியளுக்குப் பிரயோசனமாக இருக்க வேண்டும்" என்றார். இளைஞர்களுக்குப் பிரயோசனமானது எது என்று யோசித்தபொழுது, என்னிடம் முன்னர் படித்த ஒரு மாணவனின் முகமே என் கண்முன் வந்தது. அவனை வைத்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். அவன் பெயரையும் ஊரையும் சொல்லமாட்டேன். நீங்கள் ஊகிக்கவும் வேண்டாம்.

கணிதத்திலே நல்ல கெட்டிக்காரன். கரப்பந்தாட்டத்திலே அதைவிடக் கெட்டிக்காரன். பரீட்சை முடிந்த சில மாதங்களில் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பான். போட்ட சோறு கோப்பையிலேயே இருக்கும். தாயார் நாவூறு என்று சொல்லித் தடை வெட்டுவித்தார். தகப்பனார் சோம்பல் என்றார். "ஒரு வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார் தாய்மாமன். கடைசியில் ஒருவாறு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். வைத்தியர் மனச்சோர்வு நோய் என்று கூறி, குளிசை எழுதிக் கொடுத்தார்.

பத்தாம் நாள் அவன் என்னிடம் வந்தான். "பத்து நாளாக விழுங்கினேன் சேர். வாய் காய்ந்ததுதான் மிச்சம். தலையிடிக்குக் குளிசை போட்டால் அரை மணித்தியாலத்தில் சுகம் வருகிறது. இது உண்மையான மருந்தென்றால் ஏன் இன்னும் வேலை செய்யவில்லை?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, குளிசைகளை அலுமாரியின் மேல் எறிந்துவிட்டதாகவும் சொன்னான்.

நான் விஞ்ஞானம் படிப்பித்தவன், வைத்தியன் அல்லன். அவனுடைய கேள்விக்கு அன்று என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. "வைத்தியர் சொன்னபடி செய் தம்பி" என்று மட்டும் சொன்னேன். அந்த மறுமொழி அவனுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அதன் பின்னர் தேடிப் படித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நோயும் கவலையும்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். துன்பம் வந்தால் மனம் வருந்துவது இயற்கை. பரீட்சை பிழைத்தாலும், உற்றார் இறந்தாலும் அழுகிறோம், நாட்செல்ல ஆறுகிறோம். அது நோயன்று. மனச்சோர்வு என வைத்தியர்கள் கூறும் நோயோ வேறு. நாளின் பெரும்பகுதி மனம் இருண்டிருத்தல், முன்னர் விரும்பிய எதிலும் நாட்டமின்மை, நித்திரை குலைதல், பசியின்மை, உடற்களைப்பு, தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணம், சில வேளைகளில் சாகலாம் என்ற எண்ணம் — இவற்றுட் பல இரண்டு வாரத்துக்கு மேலாக நாள்தோறும் நீடித்தால் அதனை நோயென்றே கொள்ள வேண்டும். "மனத்தைத் திடப்படுத்து" என்று சொல்வதனால் நீரிழிவு மாறுவதில்லை. அச்சொல்லால் இதுவும் மாறுவதில்லை.

மருந்து பிறந்த கதை

இந்நோய்க்கு மருந்து தற்செயலாகவே அகப்பட்டது. 1952ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரைச் சேர்ந்த ஸ்டேற்றன் தீவில், சீ வியூ என்னும் ஆஸ்பத்திரியிலே கசநோயாளருக்கு ஐப்புரோனியசிட் என்ற புதுமருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்துண்ட நோயாளர் பலர் முகம் மலர்ந்து, நன்றாக உண்டு, விடுதியிலே ஆடிப் பாடத் தொடங்கினர். கசத்துக்குக் கொடுத்த மருந்து மனத்தை ஏன் மலர்விக்க வேண்டும்? 1957இல் நேதன் கிளைன் என்ற மனநோய் வைத்தியர், சோர்வுற்ற நோயாளருக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பயன் கண்டதாக அறிவித்தார். அக்காலத்திலேயே சுவிற்சர்லாந்தில், மூன்ஸ்ரலிங்கன் ஆஸ்பத்திரியில் ரொலண்ட் கூன் என்ற வைத்தியர் இமிப்பிரமின் என்ற மருந்தைச் சோதித்துக் கொண்டிருந்தார். வேறொரு மனநோய்க்கென வந்த அம்மருந்து அந்நோய்க்குப் பயன்படவில்லை; மனச்சோர்வுக்குப் பயன்பட்டது. அவருடைய அறிக்கையும் 1957இலேயே வெளியாயிற்று.

இம்மருந்துகள் செய்வது யாது என்று ஆராய்ந்தவர்கள், நரம்புக் கலங்களுக்கிடையே செய்தி காவும் செரற்றோனின், நோரதிரனலின் முதலிய இரசாயனப் பொருள்களை இவை மிகுவிக்கின்றன என்று கண்டார்கள். அதிலிருந்து ஒரு கொள்கை பிறந்தது: அப்பொருள்கள் குறைவதே மனச்சோர்வு, மருந்து அக்குறையை நிரப்புகிறது. 1965இல் இக்கொள்கை விரிவாக எழுதப்பெற்றது. விளங்குவதற்கு இலேசான கொள்கையாகையால் உலகமெங்கும் பரவிற்று. 1987இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புளுவொக்செற்றின் என்ற மருந்தும் செரற்றோனினை மிகுவிப்பதென்றே பெயர் பெற்றது.

ஆனால் என் மாணவன் கேட்ட கேள்வி இக்கொள்கையின் கழுத்தைப் பிடிக்கிறது. குளிசை விழுங்கிய சில மணித்தியாலங்களிலேயே செரற்றோனினில் மாறுதல் தொடங்கிவிடுகிறது. மனம் தெளிவதற்கோ இரண்டு, நான்கு, சில வேளைகளில் ஆறு வாரம் செல்கிறது. வெறும் குறை நிரப்பல்தான் என்றால் இத்தனை நாள் ஏன்? மேலும் 2022இல் இலண்டன் ஆய்வாளர் சிலர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, செரற்றோனின் குறைவே மனச்சோர்வின் காரணம் என்பதற்கு நிலையான சான்று இல்லை என்று அறிவித்தனர். மருந்து பயன்படவில்லை என்பது அதன் பொருளன்று. பயன்படும் வழியை நாம் பிழையாக விளங்கியிருக்கலாம் என்பதே அதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது.

கலத்தினுள்ளே நடைபெறும் துப்புரவு

இனி உங்களை வேறொரு பக்கமாக அழைத்துச் செல்கிறேன். நம்முடைய வளவுகளை நினைத்துப் பாருங்கள். காலையிலே முற்றம் கூட்டுகிறோம். பலாவிலையும் மாவிலையும் குப்பையாகச் சேர்கின்றன. அவற்றைத் தெருவிலே கொட்டுவதில்லை. கிடங்கிலே போட்டு உக்கவிட்டு, தோட்டத்துக்குப் பசளையாக்குகிறோம். குப்பையும் நீங்குகிறது, கத்தரிக்கும் மிளகாய்க்கும் உணவும் கிடைக்கிறது. ஒரு கிழமை கூட்டாமல் விட்டால் முற்றம் எப்படியிருக்கும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும்.

நம் உடலின் ஒவ்வொரு கலமும் இவ்வாறே ஒரு வளவு. அதனுள்ளே புரதங்கள் பழுதாகின்றன. சக்தி ஆக்கும் இழைமணிகள் கிழடாகின்றன. இவற்றை அகற்றி, உடைத்து, மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு கலத்துக்குள்ளேயே உண்டு. பெல்ஜியம் தேசத்துக் கிறிஸ்தியான் டி டூவ் என்ற விஞ்ஞானி எலியின் ஈரலை ஆராய்ந்தபொழுது, பொருள்களைச் செரிக்கும் நொதியங்கள் நிறைந்த நுண்ணிய பைகள் கலத்தினுள்ளே உள்ளன என்று கண்டு, 1955இல் அவற்றுக்கு இலைசோசோம் என்று பெயரிட்டார். கலம் தன்னுடைய பகுதிகளையே அப்பைகளுக்கு அனுப்பிச் செரிப்பிக்கும் செயலுக்கு, 1963இல், "தன்னைத் தானே உண்ணல்" என்று பொருள்படும் ஒரு கிரேக்கப் பெயரையும் சூட்டினார். நாம் அதனைத் தன்செரிப்பு என்று வழங்குவோம். 1974இல் அவருக்கு நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது.

பெயர் கிடைத்தும், அச்செயல் எவ்வாறு நடைபெறுகிறது என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. அதனைத் தெரிவித்தவர் யப்பானியரான யொஷினோரி ஓசுமி. 1988இலே தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தை அப்பொழுதுதான் தொடங்கியிருந்தார். அவர் எடுத்துக்கொண்ட உயிர், அப்பத்துக்கும் பாணுக்கும் மாவைப் புளிக்க வைக்கும் மதுவம். செரிக்கும் நொதியங்கள் சில இல்லாத மதுவத்தை எடுத்து, அதனைப் பட்டினி போட்டு, நுணுக்குக்காட்டியினூடாகப் பார்த்தார். சில மணித்தியாலத்துள், குப்பை ஏந்திய சிறு பைகள் அக்கலத்தின் பெரும்பையினுள்ளே நிறைந்து துள்ளிக் கொண்டிருந்தன. செரிக்க நொதியம் இல்லாமையால் அவை அங்கே தேங்கிக் கண்ணுக்குத் தெரிந்தன. பின்னர் ஆயிரக்கணக்கான மதுவக் கலங்களைச் சலித்துத் தேடி, இச்செயலுக்கு இன்றியமையாத 15 பரம்பரையலகுகளை 1993இல் அறிவித்தார். 2016இலே மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவர் ஒருவருக்கே முழுவதாகக் கொடுக்கப்பட்டது.

செயல் நடைபெறும் விதம் இதுதான். கலத்தினுள்ளே ஒரு மென்சவ்வு பிறை போலத் தோன்றி, பழுதான பொருளைச் சுற்றி வளர்ந்து, மூடிக்கொண்டு ஒரு பையாகிறது. அப்பை இலைசோசோமுடன் கலக்கிறது. நொதியங்கள் உள்ளிருப்பதை உடைக்கின்றன. உடைந்து வரும் அமினோவமிலங்கள் மீண்டும் கலத்தின் ஆக்கவேலைக்குப் போகின்றன. கிடங்கிலே உக்கிய குழை தோட்டத்துக்குப் போவது போலத்தான்.

நரம்புக் கலத்துக்கு இது ஏன் இன்றியமையாதது?

தோலிலுள்ள கலம் சில வாரங்களில் உதிர்ந்து போகிறது. புதுக்கலம் அவ்விடத்துக்கு வருகிறது. குப்பை சேர்ந்தாலும் கலத்தோடு போய்விடும். மூளையிலே அப்படியன்று. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நாம் பிறந்த காலத்திலிருந்து சாகும்வரை அவையே. எழுபது, எண்பது வருடம் ஒரே வீட்டில் குடியிருப்பவன் நாள்தோறும் வீட்டைக் கூட்டாமல் வாழ முடியுமா? 2006இல் யப்பானிய ஆய்வாளர் இரு குழுவினர், நரம்புக் கலங்களில் மட்டும் தன்செரிப்பு நடைபெறாத சுண்டெலிகளை உண்டாக்கினர். அச்சுண்டெலிகளின் நரம்புக் கலங்களிற் பழுதான புரதங்கள் திரண்டன, நடை குலைந்தது, கலங்கள் அழிந்தன. வெளியிலிருந்து எந்த நோயும் வரவில்லை. துப்புரவு நின்றமையே போதுமானதாயிற்று.

இரு வழிகளும் சந்திக்கும் இடம்

மருந்தின் கதையைக் கூறினேன். துப்புரவின் கதையையும் கூறினேன். இவ்விரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதே இன்றைய பேச்சின் மையம்.

முதற்குறிப்பு இலிதியத்திலிருந்து வந்தது. மனம் ஒரு காலம் மிக எழுந்தும் ஒரு காலம் மிக விழுந்தும் வருத்தும் நோய்க்கு இலிதிய உப்புப் பயன்படும் என்று 1949இலேயே அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்ற வைத்தியர் அறிவித்திருந்தார். 2005இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், இலிதியம் கலங்களிலே தன்செரிப்பைத் தூண்டுகிறது என்று காட்டினர். மனநோய்க்குரிய பழைய மருந்தொன்று கலத்தின் துப்புரவாளரை எழுப்பிவிடுகிறது என்பது எவரும் எதிர்பாராத செய்தி.

2014இல் ஜேர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர்கள், உடல் நெருக்குதலுக்குட்படும்பொழுது சுரக்கும் ஓமோன்களோடு தொடர்புடைய எப்.கே.பி.பி.51 என்னும் புரதத்தை ஆராய்ந்தனர். மனச்சோர்வு மருந்து தன்செரிப்பைத் தூண்டுவதில் அப்புரதத்துக்குப் பங்குண்டு என்று கண்டனர். அவர்கள் நோயாளரின் இரத்தக் கலங்களையும் சோதித்தனர். தன்செரிப்புக்குரிய குறிகள் அவற்றில் எவ்வாறு இருந்தனவோ, அதற்கும் அந்நோயாளர் மருந்தினாற் சுகப்பட்டதற்கும் தொடர்பு காணப்பட்டது.

ஏன் இத்தனை வாரம் என்ற கேள்விக்கு நெருங்கிய மறுமொழி தந்தவர்கள் எசென், எர்லாங்கன் ஆகிய ஜேர்மன் நகரங்களின் ஆய்வாளர்கள். அவர்களுடைய ஆய்வுகள் 2013இலும் 2018இலும் வெளிவந்தன. அமிட்ரிப்டிலின், புளுவொக்செற்றின் என்னும் மருந்துகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். இம்மருந்துகள் எங்கே போய்ச் சேர்கின்றன தெரியுமா? இலைசோசோமுக்குள்ளேதான். அவ்விடம் அமிலத்தன்மை மிக்கது, மருந்தோ மென்மூலம். உட்புகுந்த மருந்து வெளிவர இயலாமல் அங்கேயே தேங்குகிறது. தேங்கி, அங்கு ஒருவகைக் கொழுப்பை உடைக்கும் நொதியத்தைத் தடுக்கிறது. உடைபடாத கொழுப்பு குவிகிறது. அதன் தொடர்ச்சியாகச் செரமைட் என்ற வேறொரு கொழுப்பு, புரதம் ஆக்கும் இடமாகிய அகமுதலுருச் சிறுவலையிலே முதலில் அதிகரிக்கிறது. அவ்வதிகரிப்பு தன்செரிப்பைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த தன்செரிப்பு மெல்ல மெல்ல அச்செரமைட்டையே அள்ளி அகற்றுகிறது. அதன் பின்னரே சுண்டெலியின் நடத்தை தெளிகிறது. மூளையின் ஒரு பகுதியிலே குன்றியிருந்த புதுக்கல ஆக்கமும் மீள்கிறது. தன்செரிப்பைத் தடுத்துவிட்டு அதே மருந்தைக் கொடுத்தபொழுது மருந்து பயன்படவில்லை.

இதை விளங்க நாம் தூரம் போக வேண்டியதில்லை. கிணறு கலக்கி இறைப்பதைப் பாருங்கள். பாசி பிடித்து, சேறு அடைந்து, ஊற்றுக்கண் தூர்ந்து போன கிணற்றுக்குள் இளைஞர் இறங்குகிறார்கள். முதலில் என்ன நடக்கிறது? தண்ணீர் முன்னையிலும் கலங்குகிறது. அன்று அத்தண்ணீரைக் குடிக்க இயலாது. அந்நேரம் பார்த்த ஒருவன், "நல்லாயிருந்த கிணற்றைப் பழுதாக்கிவிட்டார்களே" என்று சொல்லக்கூடும். சேற்றை வாளி வாளியாக அள்ளி, கலங்கலை இறைத்து, ஊற்று மீண்டும் சுரந்து, அது தெளிய நாட்செல்கிறது. பத்தாம் நாள் குளிசையை எறிந்த என் மாணவன், கிணறு கலங்கியிருந்தபொழுது எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவன்.

இவ்வழியில் மிக அண்மையிலும் ஒரு செய்தி வந்தது. 2025இல் சீன ஆய்வாளர்கள் ஹபெனூலா என்னும் மிகச் சிறிய மூளைப் பகுதியைச் சுண்டெலியிலே ஆராய்ந்தனர். ஏமாற்றமும் வெறுப்பும் நேரும்பொழுது விழிக்கும் பகுதி அது. சிறிது நேரத் துன்பம் வந்தபொழுது அங்கே தன்செரிப்பு அதிகரித்தது. துன்பம் நாட்கணக்காக நீண்டபொழுதோ தன்செரிப்பு தாழ்ந்து போயிற்று. தாழ்ந்ததும், நரம்புக் கலத்தின் மேற்பரப்பிலே செய்தி வாங்கும் வாங்கிகள் அகற்றப்படாமல் மிகுந்து, கலங்கள் ஓயாது துடிக்கத் தொடங்கின. மனச்சோர்வு மருந்துகள் அங்கே தன்செரிப்பை மீட்டன.

இதிலே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. குறுகிய துன்பத்தை மூளை தானே துப்புரவாக்கிவிடுகிறது. நீண்ட துன்பம் துப்புரவாளனையே படுக்கையில் வீழ்த்திவிடுகிறது. ஆகவே, "நாங்களும் கஷ்டப்பட்டோம், எழும்பி வரவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்பதும் உண்மை, "என்னால் எழும்ப முடியவில்லை" என்று இளைஞன் சொல்வதும் உண்மை.

எல்லையை மறவாதிருத்தல்

விஞ்ஞானம் பேசுபவன் தன் பேச்சின் எல்லையையும் கூற வேண்டும். நான் கூறியவற்றுட் பெரும்பகுதி சுண்டெலியிலும் ஆய்வுகூடக் கலங்களிலும் கண்டவை. சுண்டெலிக்கு மனம் விட்டு அழத் தெரியாது. அதன் நடத்தையைக் கொண்டே நாம் ஊகிக்கிறோம். உயிரோடிருக்கும் மனிதனின் மூளைக்குள் இத்துப்புரவை வாரந்தோறும் அளந்து பார்ப்பது இலகுவன்று. வேறு விளக்கங்களும் உள்ளன. புதிய நரம்புக் கலங்கள் பிறக்க நாட்செல்வதே தாமதத்தின் காரணம் என்ற கொள்கைக்கு 2003இல் ஒரு வலுவான ஆய்வு வந்தது. 2021இல் பின்லாந்து ஆய்வாளர்கள், இம்மருந்துகள் நரம்பு வளர்ச்சிக்குரிய ஒரு வாங்கியில் நேரே பொருந்துகின்றன என்று காட்டினர. இவை ஒன்றையொன்று அழிக்கும் கொள்கைகள் என்று கொள்ள வேண்டியதில்லை. கூட்டுவதும் பசளை போடுவதும் நாற்று நடுவதும் ஒரே தோட்டத்து வேலைகளாக இருக்கலாம். இவையெல்லாவற்றுக்கும் பொதுவான பாடம் ஒன்று: மூளையிலே நடைபெறுவது திருத்தவேலை, திருத்தவேலைக்குக் காலம் வேண்டும்.

மருந்தின் வலிமையையும் மிகைப்படுத்தக் கூடாது. 2018இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் தலைமையில், 21 மருந்துகள் பற்றிய 522 சோதனைகளை, 116,477 பேரின் பெறுபேறுகளோடு ஒருங்கு சேர்த்துப் பார்த்தனர். வளர்ந்தோருக்கு அம்மருந்துகள் யாவும் வெற்றுக் குளிசையைவிட மேலானவை என்று தெரிந்தது. ஆயினும் சராசரிப் பயன் மிதமானதே. ஒருவருக்குப் பொருந்தும் மருந்து இன்னொருவருக்குப் பொருந்தாமற் போகலாம். பேச்சுவழி வைத்தியமும் பயன் தருவதே. இரண்டும் சேர்ந்து நடப்பது பலருக்கு நன்மை தரும்.

நாம் செய்யத் தக்கவை

இனி நடைமுறைக்கு வருகிறேன்.

இளைஞர்களே, மருந்து தொடங்கினால் வைத்தியர் குறித்த காலம்வரை எடுங்கள். முதல் இரண்டு வாரத்தில் வாய் காய்தல், வயிற்றுப் பிரட்டல் போன்ற தொல்லை முன்னாலும் பயன் பின்னாலும் வருவது வழக்கம். ஆறு வாரமாகியும் ஒரு மாறுதலும் இல்லையெனில் வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் அளவையோ மருந்தையோ மாற்றுவார். சுகம் வந்ததும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். தலைச்சுற்று, நித்திரையின்மை, படபடப்பு வரும், நோயும் திரும்பக்கூடும். நிறுத்துவதும் வைத்தியர் சொற்படி படிப்படியாகவே ஆக வேண்டும்.

பெற்றோர்களே, ஒன்றை மறைக்காமற் சொல்கிறேன். இளவயதினருக்கு இம்மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் சாக வேண்டும் என்ற எண்ணம் சிலரிடம் கூடக்கூடும். அமெரிக்க மருந்து அதிகார சபை 2004இல் சிறுவர்க்கும், 2007இல் 24 வயது வரையானோர்க்கும் இவ்வெச்சரிக்கையை விதித்தது. இதற்குப் பயந்து மருந்தை மறுக்க வேண்டாம். பிள்ளையின் பக்கத்தில் இருங்கள். முகத்தைப் பாருங்கள், கேளுங்கள். அப்படி எண்ணம் வருகிறதா என்று நேரே கேட்பதனால் எண்ணம் உண்டாகாது. கேட்பது பாரத்தை இறக்கும். 1995இல் இத்தீவிலே ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்தனர். கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்தபின் அத்தொகை மிகவும் குறைந்தது. கை எட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் அந்த ஒரு கணம் கடந்து போகிறது என்பது இதனால் தெளிவு. தோட்டம் செய்யும் வீடுகளில் நஞ்சுப் போத்தலைப் பூட்டி வையுங்கள். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் எல்லோரும் மனத்திற் பதித்துக் கொள்ளுங்கள்.

விரதம் பற்றிச் சிலர் கேட்கக்கூடும். ஓசுமி மதுவத்தைப் பட்டினி போட்டார் என்று கூறினேன் அன்றோ? பட்டினியினாலே தன்செரிப்பு கூடும் என்பது சுண்டெலியிலும் கண்ட உண்மை. ஆயினும் மனச்சோர்வுற்று, ஏற்கனவே உண்ணாமல் மெலிந்து போன பிள்ளையைப் பட்டினி போட்டுச் சுகப்படுத்தலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். விரதம் விரதத்துக்காகட்டும், மருந்து மருந்துக்காகட்டும். தேகாப்பியாசத்தைப் பற்றியோ துணிந்து சொல்லலாம். ஓடவிட்ட சுண்டெலிகளின் தசையிலும் மூளையிலும் தன்செரிப்பு கூடியதை 2012இல் அமெரிக்க ஆய்வாளர் அறிவித்தனர். தேகாப்பியாசம் மனச்சோர்வைக் குறைக்கும் என்பது மனிதரிடமே பல ஆய்வுகளிற் கண்டது. சோர்ந்த நண்பனுக்குப் புத்தி சொல்வதை விடுத்து, மாலையிலே அவன் படலையைத் தட்டி, "வா, ஒரு சுற்று நடந்துவிட்டு வருவோம்" என்று கூட்டிச் செல்லுங்கள். இச்சங்கத்து இளைஞர்கள் செய்யக்கூடிய தொண்டுகளில் இதனினும் செலவு குறைந்தது வேறில்லை.

முடிவாக

வளவிலே சருகு விழுவது வீட்டுக்காரனின் குற்றமன்று. மரம் இருக்கும்வரை சருகு விழும். கூட்டுபவன் களைத்து விழுந்துவிட்டால் இன்னொருவர் விளக்குமாற்றை எடுப்பதே முறை. மூளையின் கலங்களுக்கு அவ்வாறு கைகொடுப்பதே மருந்து. அதனை உண்பது வெட்கமென்றால், கிணறு இறைக்க அயலவனைக் கூப்பிடுவதும் வெட்கமாகத்தான் இருக்க வேண்டும்.

என் மாணவனின் கதையை நடுவழியிலே விட்டுவிட்டேன். நான் படித்ததையெல்லாம் ஒரு கடதாசியிலே கிணற்றின் படத்தோடு எழுதி அவனிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தான். "அப்ப நான் இடையிலே விட்டுவிட்டேனா சேர்?" என்றான். அடுத்த கிழமை தகப்பனாரே அவனை மீண்டும் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் வாரத்தில் நித்திரை சற்று நீண்டது. ஆறாம் வாரத்தில் ஒருநாள், "இன்றைக்குக் கறி நல்லாயிருக்கு அம்மா" என்றானாம். இதைச் சொல்லத் தாயார் என் வீட்டுக்கே வந்தார். அதற்குப் பின்னரும் சில மாதங்கள் மருந்து எடுத்தான். இடையிலே நல்ல நாளும் இருந்தது, கெட்ட நாளும் இருந்தது. இப்பொழுது மாலைகளில் மைதானத்திலே நிற்கிறான்.

உங்களில் எவரேனும் இன்று பத்தாம் நாளில் இருந்தால், கலங்கல் தெளியும்வரை பொறுத்திருங்கள். எவரேனும் முதல் நாளையே தொடங்காமல் இருந்தால், நாளைக்கே வைத்தியரிடம் போங்கள்.